மூணு மாசம் முடியட்டும்

போன வாரம் தங்கத்தின் வீட்டில் இரண்டு செய்திகள் ஒரே மூச்சில் வந்து விழுந்தன. சின்ன மருமகள் கவிப்ரியாவுக்கு வேலை போய்விட்டது என்பது ஒன்று. அவள் முழுகாமல் இருக்கிறாள் என்பது இன்னொன்று. மூத்த மருமகள் சுஷ்மிதா வாயில் கை வைத்து, "கவி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்று அவளைக் கட்டிக்கொண்டதில் எல்லோருக்கும் கண் கலங்கியது.

கட்டிக்கொண்டது நிஜம். ஆச்சரியப்பட்டதுதான் பொய்.

சுஷ்மிதாவுக்கு அது இரண்டு வாரம் முன்னாலேயே தெரியும். தெரியும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

புக்கிட் மேராவில் நான்கறை வீடு அது. மாமியார் தங்கம், மூத்தவன் அருண்ராஜும் அவன் மனைவி சுஷ்மிதாவும், இளையவன் ஆதவனும் அவன் மனைவி கவிப்ரியாவும் என்று ஐந்து பேர் இடித்துக்கொண்டு இருந்தார்கள். ஆதவனும் கவியும் கிளமெண்டியில் புது வீட்டுக்குப் பதிந்திருந்தார்கள். சாவி வாங்கும் நேரம் நெருங்கிவிட்டது. இரண்டு பேர் சம்பளத்தை நம்பிப் போட்ட கணக்கு அது. கவிக்கு வேலை இல்லையென்றால் கடன் கிடைப்பது சந்தேகம், கடன் இல்லையென்றால் வீடு இல்லை.

அந்த வீட்டில் தங்கம் வைத்திருந்த சட்டம் ஒன்று உண்டு. மூணு மாசம் முடியும்வரை வயிற்றுப் பிள்ளையைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பாள்.

அந்தச் சட்டம் வந்ததற்கே சுஷ்மிதாதான் காரணம். கல்யாணமான முதல் வருஷம், நாள் தள்ளிப்போனதும் தாங்கமுடியாமல் வேலையிடம் முழுக்க லட்டு கொடுத்தாள். மின்தூக்கியில் பார்த்தவர்களுக்கெல்லாம் சொன்னாள். அடுத்த மாதமே எல்லாம் கலைந்துபோனது. அதன்பிறகு ஏழு வருஷமாக ஒன்றும் தங்கவில்லை.

ஆகவே கவி விஷயத்தில் தங்கம் வாயைக் கட்டினாள். ஆதவனுக்குத் தெரியும். ஜொகூரில் இருக்கும் சித்திக்குத் தெரியும். அடுத்த அறையில் படுத்திருக்கும் சுஷ்மிதா மட்டும் 'வெளியே' ஆகிப்போனாள்.

வியாழக்கிழமை காலை. சுஷ்மிதா லீவு போட்டிருந்தாள். தேக்காவில் கவியின் வழக்கைப் பார்க்கும் அம்பலவாணரிடம் போகவேண்டும். ஆதவனுக்கு ரயில் பட்டறையில் பகல் ஷிஃப்ட், வரமுடியாது. "அண்ணி, நீங்க கூடப் போனா நல்லா இருக்கும். உங்களுக்கு ஆபீஸ் விஷயம்லாம் தெரியும்லா" என்று முந்தின நாளே கேட்டுவிட்டான்.

கூட யார் போகிறார்கள் என்று தெரிந்ததும் தங்கம், "நானும் வர்றேன்" என்றாள்.

"எதுக்கு அத்தை, படி ஏறணும், முழங்கால் வலிக்கும்."

"வலிச்சா வலிக்கட்டும். பிள்ளையத் தனியா விடமுடியுமா?"

தனியா. சுஷ்மிதா அந்தச் சொல்லை முழுங்கிவிட்டுக் குளிக்கப் போனாள்.

குளித்துவிட்டு வந்தபோது சமையலறையில் இக்கான் பிலிஸ், நெத்திலிக் கருவாடு வறுபடும் வாசம். சுஷ்மிதாவுக்கு அது உயிர். எத்தனையோ தடவை ஆசையாகக் கேட்டிருக்கிறாள். "காலங்காத்தால எண்ணெய்ச் சட்டி வைக்காதே, வீடெல்லாம் நாறும்" என்பதுதான் தங்கத்தின் பதிலாக இருந்திருக்கிறது. இன்றைக்கு நாறவில்லை. இன்றைக்கு மணத்தது.

சமையலறை வாசலில் சுஷ்மிதா நின்றாள். கவியை நாற்காலியில் உட்காரவைத்து, கல்லுப்பும் வரமிளகாயும் பிடித்த கையால் தங்கம் மூன்று சுற்று சுற்றினாள். பிறகு அதை அடுப்பில் சூடாகிக் கிடந்த பழைய இரும்புச் சட்டியில் போட்டாள். மிளகாய் கருகியது. ஆனால் தும்மல் வரவில்லை.

"பாத்தியா, நெடியே வரல" என்றாள் தங்கம். "எவ்வளவு கண்ணு பட்டிருக்கு பாரு. அதான் வேலை போச்சு. யாரோ வயிறெரிஞ்சு..."

திரும்பிப் பார்த்தாள். சுஷ்மிதா நின்றிருந்தாள்.

"குளிச்சிட்டியாம்மா? வா, சாப்பிடு" என்றாள் தங்கம், அந்த 'யாரோ'வை அப்படியே அடுப்படியில் விட்டுவிட்டு.

கவி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தட்டில் இக்கான் பிலிஸ் குவியலாகக் கிடந்தது. கொஞ்சம் எடுத்து சுஷ்மிதாவின் தட்டில் வைக்கப் போனாள். தங்கம், "நீ சாப்பிடு, அவளுக்கு வேணும்னா எடுத்துக்குவா" என்றாள்.

அவளுக்கு வேண்டும்தான். இக்கான் பிலிஸ் மட்டுமா வேண்டும்? அந்த நாற்காலி வேண்டும், அந்த உப்பு மிளகாய் வேண்டும், தன்னையும் உட்காரவைத்து யாராவது சுற்றிப்போட வேண்டும். திருஷ்டி தன் மேல் படுகிறது என்று பயப்படுவதற்கு ஒரு ஆள் வேண்டும். இத்தனை வருஷத்தில் சுஷ்மிதாவின் கண்ணுக்குத்தான் பயந்தார்களே தவிர, சுஷ்மிதாவுக்காக யாரும் பயப்படவில்லை. வெறும் ரொட்டியைக் காப்பியில் முக்கித் தின்றுவிட்டுக் கிளம்பினாள்.

பேருந்தில் தங்கமும் கவியும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். சுஷ்மிதா பின்னால். பேருந்து குலுங்கும்போதெல்லாம் தங்கத்தின் குரல் கேட்டது. "நல்லா சாஞ்சுக்கோ. பைய எங்கிட்ட குடு." சுஷ்மிதா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காது திரும்ப மாட்டேன் என்றது.

தேக்காவில் இறங்கி, பூக்கடைகளைத் தாண்டி, ஒரு பழைய கடைவீட்டின் மாடிக்கு ஏறினார்கள். கீழே மளிகைக் கடை. மேலே ஒரே அறை, காற்றாடி, பிளாஸ்டிக் நாற்காலிகள். சம்பளம் வராதவர்கள், அடிபட்டவர்கள், காரணம் இல்லாமல் வேலையை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் என்று வியாழக்கிழமை தோறும் அங்கே ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். தொழிற்சங்கத்தில் காலமெல்லாம் இருந்து ஓய்வுபெற்ற அம்பலவாணர் அவர்கள் ஒவ்வொருவருடனும் பேசுவார். அன்று கையில் கட்டுப் போட்ட ஒரு கட்டுமானத் தொழிலாளி பேசிவிட்டு எழுந்துபோனதும், "வாங்கோ, இருங்கோ" என்று இவர்களைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம் அவருடையது. பிறந்து வளர்ந்தது இங்கேதான் என்றாலும் வீட்டுப் பேச்சு நாக்கை விட்டுப் போகவில்லை.

"நாளைக்குக் காலமை சமரசக் கூட்டம்" என்று ஆரம்பித்தார். "கம்பெனியில இருந்து ஒருத்தர் வருவார். நீங்கள் இருப்பீங்கள். நடுவில அதிகாரி. வழக்கறிஞர் ஒருத்தரும் இல்லை. அதனால இண்டைக்கே எல்லாத்தையும் கதைச்சு வைப்பம். உங்களுக்கு என்ன வேணும், பிள்ளை?"

"வேலை வேணும் சார்" என்றாள் கவி. "நான் தப்பு ஒண்ணும் பண்ணல."

"நல்லது. பிள்ளைத்தாய்ச்சிய அந்தக் காரணத்துக்காக வேலையால நிப்பாட்டக்கூடாது. சட்டம் உங்கட பக்கம்தான். ஆனா கம்பெனி என்ன சொல்லுது? அவ கர்ப்பமா இருக்கிறதே எங்களுக்குத் தெரியாது, வேலை மந்தம், அதான் நிப்பாட்டினம் எண்டு சொல்லுது."

"தெரியும் சார். நான்தான் அழகப்பன் சார்கிட்ட சொன்னேன்."

கவி வேலை பார்த்தது சாங்கியில், விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கி அனுப்பும் ஒரு சமையற்கூடத்தில். அங்கே அழகப்பன் சூப்பர்வைசர். அதே இடத்தில் மேல்மாடி அலுவலகத்தில்தான் சுஷ்மிதாவும் இருந்தாள். யாருக்கு எந்த ஷிஃப்ட், யார் எந்த இடத்தில் என்று ரோஸ்டர் போடுவது அவள் வேலை. நாலு வருஷம் அங்கே இருந்துவிட்டுத்தான் கவியை அவளே சேர்த்துவிட்டிருந்தாள்.

"எப்படிச் சொன்னனீங்கள்?"

"குளிரறைல நிக்கமுடியல, தலை சுத்துது, இந்த மாதிரி விஷயம், வேற இடத்துல போடுங்க சார்னு சொன்னேன். சரி சரின்னாரு. மூணு வாரத்துலயே எடுத்துட்டாங்க."

"எழுத்தில குடுத்தீங்களோ?"

"வாய்லதான் சொன்னேன்."

"டாக்டர் குடுத்த துண்டு இருக்குமே. அதைக் குடுக்கேல்லையோ?"

கவி மாமியாரைப் பார்த்தாள். தங்கம் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"நான்தான் வேணாம்னேன் ஐயா" என்றாள் தங்கம். "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் குடுத்துக்கலாம்னேன். காகிதம்னு ஒண்ணு ஆபீசுக்குப் போனா பத்து கை மாறும்."

அம்பலவாணருக்கு அது புரிந்ததோ என்னவோ, சுஷ்மிதாவுக்குப் புரிந்தது. அந்தச் சமையற்கூடத்தில் மருத்துவர் கொடுக்கும் காகிதம் எல்லாம் முதலில் வந்து சேரும் மேசை அவளுடையது. பத்து கைக்காகப் பயப்படவில்லை தங்கம். ஒரே ஒரு கைக்காகத்தான் பயந்திருக்கிறாள். அந்தப் பயத்தில், மருமகளுக்கு இருந்த ஒரே சாட்சியையும் அலமாரியில் பூட்டிவைத்துவிட்டாள்.

"அழகப்பன் சார்கிட்டயும் கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன்" என்றாள் கவி. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார், முக்கியமா மேல..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சுஷ்மிதா காற்றாடியைப் பார்த்தாள்.

"அவர் சொல்லேல்லை எண்டு நிக்கிறார். நீங்கள் சொன்னன் எண்டு நிக்கிறீங்கள். ஒருத்தர் சொல்லுக்கு மற்றவர் சொல்லு. நடுவில இருக்கிறவர் என்ன செய்வார்?" என்றார் அம்பலவாணர். "அவர் வேற ஆரிட்டயாவது இதைப் பற்றிக் கதைச்சிருப்பாரோ? அப்பிடி ஒரு ஆள் கிடைச்சா நாளைக்கு நிலைமை வேற. வீடும் போகாது, வேலையும் போகாது."

"யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டார் சார். நான் அவ்வளவு கேட்டுக்கிட்டேன்" என்றாள் கவி. அழுதுவிட்டாள்.

அழகப்பன் சொல்லியிருந்தார். சத்தியமாகச் சொல்லியிருந்தார்.

அந்த மத்தியானத்தை சுஷ்மிதா எப்படி மறப்பாள்? கையில் டே தாரிக் டீயோடு வந்து அவள் மேசை ஓரத்தில் சாய்ந்துகொண்டார். "என்னம்மா, வீட்ல நல்ல செய்தி போல. உங்களுக்கெல்லாம் சந்தோஷம், எனக்குத்தான் தலைவலி. இவள இனி குளிரறைல போடமுடியாது, அப்புறம் நாலு மாசம் லீவு வேற. சீசன் வருது, எனக்குக் கட்டுப்படியாகாது. அடுத்த ரோஸ்டர்ல அவ பேர் வேணாம். ரபியாவப் போட்டுடுங்க."

வீட்டில் நல்ல செய்தி. யார் வீட்டில், என்ன செய்தி? கட்டிக்கொண்டு வந்த வீட்டின் செய்தியை வேலையிடத்துச் சூப்பர்வைசர் சொல்லித்தான் அவள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதைவிடக் கேவலம், எனக்குத் தெரியாது என்று அவரிடம் சொல்வது.

எனவே சிரித்தாள். "ஆமா சார், எனக்குத் தெரியும். வீட்ல எல்லாரும் ரொம்ப சந்தோஷமா இருக்கோம்" என்றாள்.

அன்று சாயங்காலமே கவிப்ரியா என்ற பெயரை எடுத்துவிட்டு, ரபியா என்று தட்டினாள். தட்டும்போது ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. அதை அவள் பொய்யென்று சொல்லமாட்டாள். இரண்டு வாரம் கழித்துக் கவி வீட்டுக்கு வந்து அழுதபோதும் அதே சந்தோஷம் இருந்தது, கூடவே பயமும் இருந்தது. நல்லா வேணும் என்று நெஞ்சு சொன்னது. வாய் மட்டும் "அழாதே கவி" என்றது.

இப்போது வாயைத் திறந்தால் அத்தனையும் வெளியே வரும். திறக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. கவிக்கு வேலை போகும், கிளமெண்டி வீடு போகும், அவ்வளவுதான். பிறகு அந்தக் குழந்தை புக்கிட் மேராவில், அவள் அறைக்கு அடுத்த அறையில், அவள் கண்ணெதிரே தவழ்ந்து வளரும். தங்கம் காலை மாலை இரண்டு வேளையும் அதற்குச் சுற்றிப்போடுவாள்.

"நம்ம கெட்ட நேரம்" என்று தங்கம் பெருமூச்சு விட்டாள். "எவ கண்ணு பட்டுச்சோ."

சுஷ்மிதா எழுந்தாள். "டீ வாங்கிட்டு வர்றேன்" என்றாள்.

"எனக்கு வேணாம்மா" என்றாள் தங்கம். "கவிக்கு மட்டும் ஒரு மைலோ வாங்கிட்டு வா, இனிப்பு கம்மியா."

கீழே இறங்கி நடைபாதையில் நின்றாள். கவிக்கு மட்டும் ஒரு மைலோ. வேலைக்காரிகூட இப்படி வாங்கிக்கொடுக்க மாட்டாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அருண்ராஜுக்குப் போன் போட்டாள். மின்தூக்கி பழுதுபார்ப்பவன் அவன். மதியச் சாப்பாட்டு நேரம், எடுத்தான்.

"என்னம்மா, முடிஞ்சுதா?"

"இல்ல. ஒண்ணு கேக்கணும். கவி விஷயம் உங்களுக்கு எப்போ தெரியும்?"

தட்டில் கரண்டி உரசும் சத்தம் நின்றுபோனதைக் கேட்டாள்.

"எந்த விஷயம்?"

"என்னங்க, எந்த விஷயம்னு கேக்காதீங்க."

"முதல்லயே தெரியும்" என்றான். "அம்மா சொன்னாங்க. உங்கிட்ட சொல்லவேணாம்னாங்க. நீ வருத்தப்படுவேன்னுதான். தப்பா எடுத்துக்காதே லா."

"வருத்தப்படுவேன்னா, கண்ணு வைப்பேன்னா?"

"அப்படியெல்லாம் இல்ல சுஷ்மி. அம்மாவப் பத்தித்தான் தெரியுமே."

"அம்மாவப் பத்தித் தெரியும். உங்களப் பத்தித்தான் தெரியாமப் போச்சு."

அவன் ஏதோ சொல்லவந்தான். அவள் வைத்துவிட்டாள். அன்றைக்கு அவளுக்கு விழுந்த அடிகளிலேயே பெரிய அடி அதுதான். ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, ஒரே போர்வைக்குள், இரண்டு வாரமாக அவனும் அவளும் ஆளுக்கொரு பக்கம் அதே ரகசியத்தைக் கட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள். சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எதிரில் மாலை கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்ததும் இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

மனசு இளகியதால் அவள் படியேறினாள் என்று நினைத்தால் அது தப்பு. கோபத்தில்தான் ஏறினாள். என் கண்ணுக்குப் பயந்து எல்லோரும் ஒளித்தீர்களே, அப்படி ஒளித்ததால்தான் அவள் கையில் ஒன்றுமில்லாமல் நிற்கிறாள், அதைக் கொடுக்க நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும் என்ற வெறி. வீட்டில் ஒருநாளாவது எல்லோரும் தன்னைத் திரும்பிப் பார்க்கவேண்டும் என்ற பாழாய்ப்போன ஆசை.

மேலே வந்து மைலோவைக் கவியின் முன்னால் வைத்தாள்.

"சார், அவர் ஒருத்தர்கிட்ட சொன்னார்" என்றாள்.

அம்பலவாணர் நிமிர்ந்தார். "ஆரிட்ட?"

"எங்கிட்ட."

தங்கத்தின் வாய் திறந்தபடியே இருந்தது.

"அவர் எங்கிட்ட வந்து, கவி கர்ப்பமா இருக்கா, இனி அவள வச்சுக்கிட்டு எனக்குக் கட்டுப்படியாகாதுன்னு அவர் வாயாலயே சொன்னார். என் மேசைல வச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"எப்ப?"

"எடுக்கறதுக்கு ரெண்டு வாரம் முன்னால."

"அதுக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

சுஷ்மிதா மாமியாரைப் பார்த்துச் சொன்னாள். "எனக்குத் தெரியும்னு சொன்னேன் சார். வீட்ல எல்லாரும் சந்தோஷமா இருக்கோம்னு சொன்னேன். எங்க வீட்டு விஷயத்த வெளியாள் சொல்லித் தெரிஞ்சுக்கற மாதிரி வச்சுட்டாங்கன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது?"

தங்கத்தின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. "அப்போ அன்னிக்கு ஹால்ல நீ..." என்றாள்.

"நடிச்சேன் அத்தை. நீங்க ஒரு மாசம் நடிச்சீங்க. நான் ஒரு நாள் நடிச்சேன்."

இத்தனை வருஷத்தில் சுஷ்மிதா மாமியாரிடம் இப்படிப் பேசியதே இல்லை. சொல்லும்போது நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், அந்த ஒரு நிமிஷம் அவளுக்குத் தித்திப்பாகத்தான் இருந்தது.

கவி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா" என்றாள். "நீங்க சொல்லுவீங்களா அக்கா? நாளைக்கு வந்து சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"இருங்கோ" என்றார் அம்பலவாணர். "நீங்களும் அங்கதான் வேலை செய்யிறீங்கள். சொன்னதுக்காக உங்களைப் பழிவாங்கக்கூடாதுதான். ஆனா முகம் கோணும், ஷிஃப்ட் மாறும், ஏதாவது நடக்கும். தெரிஞ்சுதான் சொல்லுறீங்களோ?"

"தெரிஞ்சுதான் சார்."

"அப்ப ஒரு கேள்வி. இதை நாளைக்குக் கம்பெனி ஆள் கட்டாயம் கேப்பார், அதால நான் இப்பவே கேக்கிறன். கட்டுப்படியாகாது எண்டு சொன்னவர், உங்களை ஏதும் செய்யச் சொன்னாரோ?"

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. படியேறும்போது அவள் மனசுக்குள் பேசிப்பார்த்ததில் அழகப்பன் இருந்தார், தங்கம் இருந்தாள், அருண்ராஜ் இருந்தான். ரபியா என்ற பெயரைத் தட்டிய அவள் விரல் இல்லை.

இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் ரோஸ்டர் அங்கே இருக்கிறது, போட்ட தேதியோடு. நாளைக்கு அழகப்பன் அதைத்தான் எடுத்து நீட்டுவார். அப்போது கவியின் வழக்கும் சேர்ந்து கவிழும்.

"அடுத்த ரோஸ்டர்ல கவி பேர எடுக்கச் சொன்னார்" என்றாள்.

"எடுத்தீங்களோ?"

"எடுத்தேன்."

"நல்லது. எங்கட வழக்குக்கு இதைவிடப் பெரிய சாட்சி இல்லை" என்றார் அம்பலவாணர். வழக்குக்கு நல்லதுதான். எழுதுவதற்குக் குனிந்தவர், கவியின் முகம் மாறியதைக் கண்டு மறுபடி நிமிர்ந்தார்.

கவியின் கை இன்னும் சுஷ்மிதாவின் கையில்தான் இருந்தது. ஆனால் பிடி தளர்ந்துவிட்டது.

"அப்போ என்னைய எடுக்கப் போறாங்கன்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள் கவி.

சுஷ்மிதா ஆறிக்கொண்டிருந்த மைலோவைப் பார்த்தாள்.

"அந்த ரெண்டு வாரமும் நாம ஒண்ணாதான் பஸ்ல போனோம். ஒண்ணாதான் வந்தோம். புது வீட்டுக்குத் திரை என்ன கலர்ல வாங்கலாம்னு உங்ககிட்டதான் கேட்டேன். நீலம் வாங்குன்னு சொன்னீங்க."

"கவி..."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்தக் காகிதத்தக் கொண்டுபோய்க் குடுத்திருப்பேன்லா. வேலை போயிருக்காதே. ஏன்க்கா சொல்லல?"

சொல்வதற்கு எத்தனையோ பதில் இருந்தது. நீங்கள் ஒளித்தீர்கள், நானும் ஒளித்தேன் என்று சொல்லியிருக்கலாம். வேலைக்குப் பயந்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் காலையிலிருந்து மூடி மூடி வைத்துக் களைத்துப்போயிருந்தாள் சுஷ்மிதா.

"பொறாமைதான் கவி" என்றாள். "உனக்குக் கிடைச்சுது, எனக்குக் கிடைக்கல. அதான்."

தங்கம் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தாள். நான் அப்போதே சொன்னேனே, கண்ணு என்று சொன்னேனே என்று கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். தங்கமோ மருமகள் முகத்தைப் பார்க்காமல் கைப்பையைத் தேடி எடுத்துக்கொண்டாள்.

அம்பலவாணர் எழுதி முடித்ததைப் படித்துக் காட்டினார். சுஷ்மிதா கையெழுத்துப் போட்டாள். நாளைக்குக் காலை எங்கே வரவேண்டும், எப்போது வரவேண்டும் என்று அவர் இரண்டு தரம் சொன்னார். யாரும் சரியென்று தலையாட்டவில்லை.

கவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மைலோவைத் தொடவே இல்லை. வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"நாளைக்கு நீங்க கண்டிப்பா வரணும்க்கா. எனக்கு வேற யாரும் இல்ல" என்றாள். "ஆனா இன்னிக்கு எங்ககூட பஸ்ல வராதீங்க."

சுஷ்மிதா அப்படியே நின்றாள். படி செங்குத்தாக இருந்தது. தங்கம் முழங்காலைப் பிடித்தபடி முதலில் ஒரு படி இறங்கி, திரும்பி, கவிக்குக் கை நீட்டினாள். கவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். இவ்வளவு நடந்த பிறகும், வெட்கமில்லாமல், சுஷ்மிதாவுக்கு அந்தக் கை மேல்தான் பொறாமையாக இருந்தது.